போத்தலில் ஒட்டிய முகம்

எங்கள் லயத்தில் யார் தப்பு செய்தாலும் அதற்கு வெட்கப்பட ஓர் ஆள் இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா. பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தன் பெயர் நாலு பேர் வாயில் விழுவது அவருக்குப் பிடிக்காது. மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகள்தான் அந்த லயம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். என் வீட்டில் சண்டை நடந்தால் அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொள்வார். காதில் விழுந்ததற்காக மறுநாள் காலையில் என்னைப் பார்க்கக் கூசுவார்.

ஒரு முறை மூன்றாம் வீட்டு ஆடு கடைசி வீட்டுக் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது. ஆட்டுக்காரர், "ஆடுன்னா மேயத்தான்லா செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தன் வீட்டுக் கீரையைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கடைசி வீட்டில் கொடுத்து, "மனசுல வச்சிக்காதீங்க" என்றார். ஆடும் அவருடையதில்லை, பாத்தியும் அவருடையதில்லை.

இன்னொரு முறை மாரியம்மன் திருவிழாவில் குடித்துவிட்டு வந்த ஒருவர் கோயில் வாசலிலேயே வாந்தி எடுத்தார். வெளித் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்த நேரம். அவருடைய அண்ணன் தம்பிகள் தள்ளி நின்று சிரித்தார்கள். அக்காதான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினார். முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தானே வாந்தி எடுத்தவர் மாதிரி கழுவினார்.

"உங்களுக்கு என்னாக்கா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பாக்கறவங்களுக்கு யாரு எவருன்னு தெரியுமா? எல்லாருக்கும் சேத்துத்தானே கேவலம்" என்றார்.

இந்த வார்த்தையை அவர் அடிக்கடி சொல்லுவார். நல்ல மனசு என்று ஊரே சொன்னது. எனக்கு மட்டும் சில சமயம் எரிச்சலாக இருக்கும். அவர் ஒருவர் வெட்கப்பட்டுவிடுவதால் மற்ற எல்லாருக்கும் அந்த வேலை மிச்சமாகிவிட்டது. ஆட்டுக்காரர் கடைசிவரை ஆட்டைக் கட்டவே இல்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவன் குமார். அவனுக்கு முதல் மொட்டை போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அக்காவின் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். எழுபதுகளின் பின்பாதி. சிரம்பானில் ஒரு படக்கடைக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். கழுத்தில் போட அக்காவிடம் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒன்றும் இல்லாததால் என்னுடைய பதக்கச் சங்கிலியைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். "சும்மா போடுங்கக்கா, படம் எடுத்ததும் கழட்டிக் குடுத்துருங்க" என்று நானே மாட்டிவிட்டேன்.

அக்கா நல்ல அழகு. அது அவருக்குத் தெரியாது. விளக்கு வெளிச்சத்துக்குக் கண் கூசித் தலையைச் சாய்த்துப் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை கையை நீட்டிப் பதக்கத்தைப் பிடித்தது. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் எடுத்துவிட்டார். படம் அவ்வளவு நன்றாக வந்துவிட்டதால், பெரிதாகப் போட்டுத் தன் கடைக் கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர் பெருமையோடு தலையாட்டினார். பசாருக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் பலரும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அக்கா அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அடுத்த வருடம்தான் அந்தப் போத்தல் வந்தது.

எங்கள் தோட்டச் சந்தியில் ஒரு சீனர் கடை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, அரிசி, கருவாடு, மண்ணெண்ணெயோடு சம்சுவும் விற்பார். சம்சு என்றால் மலிவுச் சாராயம். சிறிய தட்டைப் போத்தலில் வரும். கள்ளுக்கடைக்குப் போகக் கூச்சப்பட்டவர்கள் இதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கே கொண்டுபோகலாம். அதில் புதிதாக ஒரு சரக்கு. மஞ்சள் லேபிள். நடுவில் ஒரு தாயும் பிள்ளையும், வண்ணத்தில் வரைந்தது. சுற்றிலும் பச்சை இலைகள். மேலே, "இயற்கை மூலிகைச் சத்து". கீழே, "பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், உடல் அசதிக்கும், இடுப்பு வலிக்கும் உகந்தது". தமிழில், சீனத்தில், மலாயில் மூன்றிலும் அதையே அச்சடித்திருந்தார்கள்.

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது ஒருவன் அதைக் கொண்டுவந்து காட்டினான். கை கை மாறி என்னிடம் வந்தது. சாய்ந்த தலை, கன்னத்து மச்சம், நீட்டிய பிஞ்சுக் கை. அந்தக் கை பிடித்திருந்தது என் பதக்கம். கல் வைத்த இடத்தைக்கூடச் சரியாக வரைந்திருந்தார்கள்.

"அக்கா, உங்களையா போட்டிருக்கான்?" என்று எங்களை மேய்க்கிற மண்டோர் கேட்டார்.

அக்கா எட்டிப் பார்த்தார். "நான் இல்லிங்க" என்றார். சொல்லிவிட்டுத் தலைத்துண்டைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு, பெயர் கூப்பிடுவதற்கு முன்பே தன் நிறை மரங்களுக்குப் பால் வெட்ட நடந்தார். அதற்குப் பிறகு அந்தத் துண்டு மேலே ஏறியதை நான் பார்த்ததில்லை.

குடித்துவிட்டு எறிந்த போத்தல்கள் எல்லா இடத்திலும் கிடக்கும். மரத்தடியில், கால்வாயில், பள்ளிக்கூடத்து வேலியோரத்தில். அக்கா பால் வாளியோடு போகும்போது குனிந்து குனிந்து பொறுக்குவார். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்து அடுப்பில் போடுவார். பையன்கள் வேண்டுமென்றே அவர் போகிற பாதையில் போத்தலை நிற்க வைப்பார்கள். குமார் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவனுக்குப் "போத்தல் பிள்ளை" என்று பெயர் வைத்தார்கள். அவன் சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவான். அவன் அடித்த பையன் வீட்டுக்கு அக்கா போவார். நியாயம் கேட்பதற்கு அல்ல, "எங்க பையன் கை நீட்டிட்டான், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வருவதற்கு.

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் அவரை இழுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனேன். படக்கடைக்காரர் நல்ல மனிதர், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"யாரைக் கேட்டு எங்க அக்கா படத்தச் சாராயக் கம்பெனிக்குக் குடுத்தீங்க?" என்றேன்.

"நான் எப்படிம்மா கேக்காம குடுப்பேன்? கம்பெனி ஆளு கண்ணாடில பாத்துட்டு வந்து கேட்டான். நான் இவங்க வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். அவரே வந்து சரின்னுட்டாரு. இந்த வாசல்லதான் அவருக்கு ஒரு பெட்டி சரக்கு இறக்கிக் குடுத்தாங்க." பிறகு, "உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெரியும்" என்றார் அக்கா.

தெரியாது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். எனக்கும் அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. மஞ்சள் லேபிள் வருவதற்கு முந்தின தீபாவளிக்கு அக்காவின் வீட்டுக்காரர் என்றும் இல்லாத தாராளத்தோடு லயத்து ஆண்களை எல்லாம் கூப்பிட்டு ஊற்றினார். எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் அதில் குடித்துவிட்டு வந்து, "நல்ல மனுசன்லா" என்று சொல்லிக்கொண்டே படுத்தார்.

லெட்சுமி கல்யாணமாகி எங்கள் லயத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. பூவரும்பு மாதிரி இருப்பாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். முதல் பிரசவம் கஷ்டமாகிவிட்டது. இடுப்புப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. அவள் மாமியார் சந்திக் கடையிலிருந்து மஞ்சள் லேபிள் போத்தல் வாங்கிவந்து, காலையிலும் மாலையிலும் வெந்நீரில் கலந்து கொடுத்தார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சாராயம் கொடுக்கிற வழக்கம் இருந்தது. ஆனால் கூச்சப்பட்டு, கொஞ்சமாகக் கொடுப்பார்கள். லேபிள் வந்தபின் கூச்சம் போய்விட்டது. மருந்து என்று அச்சிலேயே போட்டிருக்கிறதே.

அக்கா கேள்விப்பட்டு ஓடினார். நானும் கூடப் போனேன்.

"அதக் குடுக்காதீங்க. அது வெறும் சம்சு" என்றார் அக்கா.

மாமியார் போத்தலைத் தூக்கிக் காட்டினார். "நீ குடிச்சுத்தானே இப்படி இருந்த? படத்துலயே தெரியுதுல்ல, கன்னம் என்னா பளபளன்னு. உனக்கு ஆவும், எம் மருமவளுக்கு ஆவாதா?"

"நான் குடிச்சதே இல்லிங்க."

"அப்பறம் எதுக்குப் படத்துக்கு நின்ன?"

பாயில் படுத்திருந்த லெட்சுமி சிரித்துக்கொண்டே, "அக்கா மாதிரி நானும் ஆயிருவேன் பாருங்க" என்றாள்.

இடுப்பு வலி போய்விட்டது. குடி போகவில்லை. முதலில் வேலை விட்டு வந்ததும் ஒரு வாய். பிறகு வேலைக்குப் போவதற்கு முன்பும். அவள் வெட்டிய மரங்களில் பட்டை காயம்பட்டு மண்டோர் திட்டினார். பிள்ளை ராத்திரி எல்லாம் அழுகிறது என்று மாமியார் அதே மருந்தை அதற்கும் கரண்டியில் புகட்டியிருக்கிறார். ஒரு நாள், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளை மத்தியானம்வரை கண்ணைத் திறக்கவில்லை. தோட்டத்து லோரியில் போட்டுப் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். லெட்சுமிக்கு நிற்கவே முடியவில்லை. அக்காதான் பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

டாக்டர் பிள்ளையின் வாயை மோந்து பார்த்தார். "யார் இதைக் கொடுத்தது?" என்று கோபமாகக் கேட்டார். மாமியார் கூரையைப் பார்த்தார். லெட்சுமி சுவரைப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுதான் டாக்டர்" என்றார் அக்கா.

டாக்டர் அவரைப் பிள்ளையின் பாட்டி என்று நினைத்து வைது தீர்த்துவிட்டார். உனக்கெல்லாம் அறிவிருக்கிறதா, போலீசில் சொல்லட்டுமா என்றெல்லாம் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. வரும் வழியில் மாமியார் லோரியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மூவரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அக்காவையும் சேர்த்து.

எண்பதுகளில் அரசாங்கம் விழித்துக்கொண்டது. தோட்டம் தோட்டமாகக் குடி பெருகிவிட்டதென்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ஒரு நாள் சுகாதார இலாகாவிலிருந்து தமிழ் ஆபிசர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். ஆண் பெண் எல்லோரையும் கிளினிக் முன்னால் கூட்டி, புது விதிகளைப் படித்துச் சொன்னார். மதுப் போத்தல் லேபிளில் இனி மருந்து, சத்து, மூலிகை, இயற்கை என்ற சொற்கள் வரக்கூடாது. எந்த நோய்க்கும் நல்லது என்று போடக்கூடாது. தாய், பிள்ளை, டாக்டர் படம் கூடாது. உள்ளே இருப்பது சாராயம் என்றும் எவ்வளவு காட்டம் என்றும் பளிச்சென்று தெரிய வேண்டும்.

"அப்போ உள்ள இருக்கற சரக்கு மாறுமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது அதேதான். மேல எழுதறதுதான் மாறும்" என்றார் ஆபிசர். அதைச் சொல்லும்போது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கூட்டம் கலைந்ததும் அவர் அக்காவைக் கூப்பிட்டார். படத்தில் இருப்பவர் இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் கூட நின்றேன். கிளினிக் படியில் அக்காவின் வீட்டுக்காரர் பீடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க சம்மதம் இல்லாம படம் போட்டிருந்தாங்கன்னா சொல்லுங்கம்மா. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், கம்பெனி மேல தனியாவே நடவடிக்கை எடுக்கலாம். சம்மதம் குடுத்தீங்களா?"

அக்காவின் வீட்டுக்காரருக்குப் பீடி அணைந்துவிட்டது. அவர் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"நான்தான் குடுத்தேன் சார்" என்றார் அக்கா.

"நீங்களேவா?"

"ஆமாம் சார். தெரியாம குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஆபிசர் சரி என்று பையை மூடிக்கொண்டு போனார். அக்காவின் வீட்டுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சந்திக் கடைப் பக்கம் நடந்தார். லயத்துக்குத் திரும்பும்போது கேட்டேன்.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"அத்தனை பேருக்கு முன்னாடி அவருக்குக் கேவலமா இருக்கும்ல."

"உங்களுக்கு?"

"எனக்குப் பழகிருச்சுலா" என்றார்.

விதி வந்தாலும் கடையில் இருக்கும் பழைய சரக்கு தீரும்வரை விற்கலாம் என்று தவணை கொடுத்திருந்தார்கள். தவுக்கே கடையில் பெட்டி பெட்டியாக இருந்தது. அக்கா மாவுப் பசையும் பழைய பேப்பரும் எடுத்துக்கொண்டு போய், படத்தின் மேல் ஒட்டிக்கொள்ளலாமா என்று தவுக்கேயைக் கேட்டார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "லு புன்யா மூக்கா, லு துத்துப்லா" என்றார். உன் முகம், நீ மூடிக்கொள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அக்காவை ஒரு வார்த்தை கிண்டல் செய்யாதவர் அவர் ஒருவர்தான்.

அக்கா கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக மூடினார். ஒட்டி முடித்தவற்றைத் தவுக்கே எடுத்துப்போய் அடுக்கினார். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தபோது லெட்சுமி வந்தாள். கண் வீங்கியிருந்தது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள். காகிதம் ஒட்டிய போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள்.

"இன்னுமாடி?" என்றார் அக்கா. "அது மருந்து இல்லன்னு கவர்மெண்டே சொல்லிருச்சு."

"எனக்குத் தெரியும்க்கா. படத்தப் பாத்துதான் ஆரம்பிச்சேன். இப்போ படம் இல்லாமயே எறங்குது."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பசை தடவிக் கொடுத்தாள். கை நடுக்கத்தில் பசை எங்கெங்கோ போனது. அக்கா அதைத் துடைத்துத் துடைத்து ஒட்டினார்.

அந்த வருடம் சிரம்பானில் ஒரு பெண்கள் சங்கம் சம்சு ஒழிப்புக் கூட்டம் போட்டது. படத்தில் இருந்த பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, மேடைக்கு வர வேண்டும் என்று தோட்டத்துக்கே வந்து கூப்பிட்டார்கள். பேச வேண்டாம், வந்து நின்றால் போதும் என்றார்கள். நிற்பதுதான் அவருக்குக் கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வராது. லெட்சுமியைத் தனியாக விட்டால் குடிப்பாள் என்று அவளையும் கூட்டிக்கொண்டார். தோட்டத்திலிருந்து ஒரு லோரி நிறையப் போனோம். மண்டோர் சம்சாரம்கூட வந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாள் மஞ்சள் லேபிள் போத்தலைத் தூக்கிப் பிடித்துப் பேசினார். "கம்பெனியின் பேராசையால் ஏமாற்றப்பட்ட தாய் இவர்" என்று அக்காவைக் காட்டினார். கைதட்டினார்கள். அக்கா சேலை முனையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். லோரியிலிருந்து இறங்கும்போது அக்கா, இந்தப் பெண்ணுக்கு ஏதாவது வழி செய்யுங்கள் என்று லெட்சுமியைப் பற்றி அந்த அம்மாளிடம் மெல்லச் சொல்லிவைத்திருந்தார்.

"இந்தப் போத்தலுக்கு அடிமையான சகோதரி ஒருவரும் நம்மிடையே இருக்கிறார். கொஞ்சம் எழுந்து நில்லும்மா. எல்லோரும் பார்க்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த லெட்சுமி எழுந்து நின்றாள். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருப்பவள் அவள். மண்டபம் முழுவதும் கழுத்தை நீட்டியது. அவள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து தோள் குலுங்கியது.

அக்கா மேடையில் நாலடி நடந்து மைக்கின் முன்னால் வந்தார். பட்டுச் சேலை அம்மாள் விலகிக்கொண்டார்.

"அவள உக்காரச் சொல்லுங்க" என்றார் அக்கா. மைக்கில் தன் குரலைக் கேட்டதும் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"புள்ள பெத்துப் படுத்துக் கெடந்தவளுக்கு மருந்துன்னு சொல்லிக் குடுத்தாங்க. குடிச்சா. ஏன் மருந்துன்னு நம்பினாங்க? என் மூஞ்சி அதுல இருந்துச்சு. எப்படி அங்க போச்சுன்னு ஆபிசர் கேட்டாரு. நான்தான் குடுத்தேன்னு சொன்னேன். அது பொய்யிங்க. என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி சரக்க வாங்கிக்கிட்டுக் குடுத்தாரு. எனக்குத் தெரியும். வெளிய தெரிஞ்சா அவருக்கு அசிங்கம்னு வாய மூடிக்கிட்டேன். யாராவது நிக்கணும்னா எங்க ரெண்டு பேரையும் நிக்கச் சொல்லுங்க. இவ உக்காரட்டும்."

யாரும் கைதட்டவில்லை. நான் லெட்சுமியின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தப் பெட்டியில் லயமே குடித்ததையும், என் வீட்டுக்காரர் குடித்ததையும் அக்கா சொல்லவில்லை. அடுத்து சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

லோரியில் திரும்பும்போது அக்கா பக்கத்தில் உட்கார இடமிருந்தும் மண்டோர் சம்சாரம் நின்றுகொண்டே வந்தார். லெட்சுமி மறுபக்கம் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே சேதி போய்விட்டது. புருசன் மானத்தைச் சிரம்பானில் கொண்டுபோய் ஏலம் விட்டுவிட்டாள் என்றார்கள். அத்தனை நாள் அவரை நல்ல மனசு என்று சொன்ன அதே வாய்கள். ஆட்டுக்காரர் முதல் ஆளாகச் சொன்னார்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. லேபிளில் தாயும் பிள்ளையும் போய்ச் சேவல் வந்தது; ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை. விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை. சங்கத்து அம்மாள் வெட்கப்பட்டாரோ என்னவோ, லெட்சுமியை ஆஸ்பத்திரியில் சேர்க்க அவரே காரில் வந்தார். லெட்சுமி விட்டாள், தொட்டாள், மறுபடி விட்டாள். தோட்டம் கைமாறியபோது அவள் குடும்பம் வேறு பக்கம் போய்விட்டது. முழுசாக விட்டாளா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் வீட்டுக்காரர் ஈரல் கெட்டு லயத்திலேயே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அக்காதான் பார்த்துக்கொண்டார். குமாருக்கு சி ரூசா கடற்கரையில் ஓர் ஓட்டலில் வேலை கிடைத்து அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டான். நான் சிரம்பான் பக்கம் ரஹாங்கில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். தொண்ணூறுகளில் அக்கா இறந்தார் என்று சொன்னார்கள். எடுத்ததற்கு அப்புறம்தான் எனக்குச் சேதி கிடைத்தது.

அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது கூட்டம் நடந்த அடுத்த வாரம். பின்பக்கம் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் வேலி ஓரமாக வந்து நின்றார். அந்த வாரம் முழுவதும் அவர் வேலைக்கும் போகவில்லை, சந்திக்கும் போகவில்லை. சவரம் செய்யாத முகம்.

"தங்கச்சி, உங்க அக்காகிட்ட சொல்லு. எனக்கு வெளிய தல காட்ட முடியல."

ஒரே வீட்டுக்குள் இருக்கிறவர் என்னிடம் வந்து சொல்கிறார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அக்கா அடுப்படியில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"முடியலன்னா வீட்லயே இருக்கட்டும்" என்றார் அக்கா. "உலையப் பாத்துக்கட்டும். நான் லெட்சுமியப் பாத்துட்டு வரணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருடத்தில் இவர் வாயிலிருந்து இப்படி ஒரு பதில் வந்ததில்லை. நல்லா சொன்னீங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் இருந்த நெத்திலி முறத்தில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. குனிந்த முகத்திலிருந்து கண்ணீர் முறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. வசவு வாங்கியபோதும், பையன்கள் போத்தலை நிற்க வைத்தபோதும் அழாதவர்.

"ஊர்க்காரங்க பேச்ச விடுங்கக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"எனக்காக இல்லடி" என்றார். "தல காட்ட முடியலன்னாரே. எப்படிக் கூசிப்போயிருந்தா அவர் வாயால அதச் சொல்லியிருப்பாரு, பாவம்."